மலைக்குக் காவல் ஊர்

அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறினால் வரும் குகையில் ஓர் உப்பு வணிகரின் பெயர் இருக்கிறது. அவருக்குத் துணையாக வெல்லப்பாகு விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், மதுரையில் பொன்வேலை பார்த்த கொல்லர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பாறையில் வெட்டிய பெயர்கள் இவை. இவர்களுக்கும் அரண்மனைக்கும் சம்பந்தம் இருந்ததாகக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. சந்தையில் நின்று சம்பாதித்த காசில் ஒரு பங்கை, மலையில் தங்கித் தவம் செய்த சமணத் துறவிகளுக்காகச் செலவிட்டவர்கள். கொடுத்ததற்கு அடையாளமாகப் பெயரையும் தொழிலையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

மதுரையைச் சுற்றி இப்படிப் பெயர் தாங்கிய குன்றுகள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி, வரிச்சியூர், திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், மேட்டுப்பட்டி என்று பட்டியல் நீளும். தமிழகத்தில் வேறெந்த ஊரைச் சுற்றியும் தமிழிக் கல்வெட்டுகள் இத்தனை நெருக்கமாக இல்லை.

கொடுத்த பொருள் என்ன என்பதைக் கொங்கர்புளியங்குளத்தில் நிதானமாகப் பார்க்கலாம். பாறைத் தரையை ஆள் படுக்கும் நீள அகலத்துக்குச் செதுக்கி, வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் மட்டும் கல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டிருப்பார்கள், அதுதான் தலையணை. இப்படி 50-க்கும் மேற்பட்ட படுக்கைகள் அங்கே உண்டு. குகையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். முகப்புப் பாறையில் கால் நடுவதற்குக் குழிகளும் இருக்கின்றன. வெயிலும் சாரலும் படாமல் முன்பக்கம் கூரை வேய்ந்திருக்கிறார்கள். பாகனூரைச் சேர்ந்த ஒருவர் கூரை வேய்ந்து தந்தார் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. கூரை மக்கி மண்ணாகிவிட்டது. வேய்ந்தவர் பெயர் நிற்கிறது.

மாங்குளம் மீனாட்சிபுரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பெரிய இடம். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் அங்கே வருகிறது. அவனுடைய ஆட்கள் கணிநந்தி என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துத் தந்தார்கள். ஆனால் அந்த மலையிலும் அரசனோடு சேர்ந்து ஒரு வணிகக் கூட்டம் நிற்கிறது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகர் சங்கத்தார், தாங்களும் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். வரிச்சியூரிலோ நூறு கலம் நெல் என்று அளவே வருகிறது. வரவு செலவு பார்த்துப் பழகிய கைகள் எழுதச் சொன்ன வாசகங்கள் இவை.

இந்த எழுத்தைப் பிற்காலத்தில் மறுபடி படிக்கக் கற்க நெடுநாளானது. 1882-ல் ராபர்ட் சிவெல் மாங்குளம் கல்வெட்டைக் கண்டு சொன்னார். அப்போது அது எந்த மொழி என்றே தெளிவில்லை. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இவை தமிழில் எழுதப்பட்டவை என்று எடுத்துக்காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் ஒவ்வொரு குகையாக ஏறிப் படியெடுத்து, சங்க காலத்து அரசர் பெயர்களோடு பொருத்திப் படித்தார். அவருடைய முழு ஆய்வும் பெரிய நூலாக வந்தது 2003-ல்தான். ஆக, அறிஞர்களுக்கும் இந்தக் குகைகளுக்கும் உள்ள உறவுக்கு 150 வயதுகூட ஆகவில்லை.

அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் படுக்கைகளை யார் வெட்டினார்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் உடனே பதில் வந்திருக்கும். பஞ்சபாண்டவர். வனவாசத்தில் அலைந்தபோது அவர்கள் ஐந்து பேரும் இங்கே படுத்தார்கள். அதனால்தான் இது பாண்டவர் படுக்கை. கீழவளவிலும் கருங்காலக்குடியிலும் குன்றின் பெயரே பாண்டவர் பேரில்தான். தமிழகத்தின் வேறு பகுதிகளிலும் சமணப் படுக்கைக்கு இதே பெயர் உண்டு. யாருமில்லாத மலையில், ஆள் படுக்கிற அளவில், செதுக்கிய கல் கிடக்கிறது. காட்டில் வாழ்ந்த பெரிய மனிதர்கள் என்று ஊருக்குத் தெரிந்தவர்கள் பாண்டவர்கள். கதை பொருந்திவிட்டது.

கீழக்குயில்குடி சமணர்மலையில் இந்தப் பொருத்தம் இன்னும் சுவையானது. மலையின் தென்மேற்குச் சரிவில் ஒரு குகை வாயிலுக்குப் பக்கத்தில் தீர்த்தங்கரர் ஒருவர் பெரிய உருவமாக அமர்ந்திருக்கிறார். நீண்டு தொங்கும் காது, அமைதியான முகம், செழித்த உடல். ஊரார் கண்ணுக்கு அது தோடு போட்டுக் காது வளர்த்த செட்டியாராகத் தெரிந்தது. குகைக்குச் செட்டிப்புடவு என்றே பெயர் நிலைத்தது. குகைக்குள்ளே சிங்கத்தின் மேலேறி, யானையில் வரும் எதிரியோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வம் இருக்கிறாள். அம்மன் என்று கும்பிட அவளுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. அதே மலையின் இன்னொரு சரிவில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் இடம் பேச்சிப்பள்ளம். பேச்சியம்மன் பேரால் வந்தது. அரிட்டாபட்டியில் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரைக்கு இடைச்சி மண்டபம் என்று பெயர். இந்தியாவின் மேற்கிலிருந்து பரவிய பாசுபத சைவத்தின் முதல்வரான லகுலீசரின் சிற்பம் அங்கே இருக்கிறது. தமிழகத்தில் அரிதாகவே காணக்கிடைக்கும் உருவம். வழிபாட்டுக்கு வருகிறவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் பூ வைப்பார்கள்.

மலைகளுக்கே கதை உண்டு. மதுரையை அழிக்கச் சமணர்கள் மந்திரத்தால் ஒரு யானையை ஏவினார்கள், சோமசுந்தரர் அம்பெய்து அதைக் கல்லாக்கினார், அது யானைமலை. பிறகு ஏவிய பாம்பு நாகமலை. அதற்குப் பிறகு வந்த பசு பசுமலை. திருவிளையாடல் புராணம் சொல்லும் இந்தக் கதையில் சமணர்கள் வில்லன்கள். அதையும் மறக்காமல் ஊர் வைத்திருக்கிறது. ஆனால் யானை என்ற பெயர் புராணத்துக்கு முந்தியது. அந்த மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டே அதை யானைக் குன்றம் என்ற பொருள்பட அழைக்கிறது. ஒத்தக்கடையில் பேருந்தைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்க்கிற எவரும் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குத் துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை அது.

இப்படிப் பெயர் மாறி, சாமி மாறி வந்ததை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட்டால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. சமணம் பாண்டிய நாட்டில் மங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கும்பிட ஆளில்லாத சிலைகளை ஏன் யாரும் உடைக்கவில்லை? பாறையில் கிடைத்த நல்ல கல்லை ஏன் வீடு கட்ட எடுக்கவில்லை? செட்டியாராகவும் பேச்சியாகவும் பாண்டவராகவும் ஆனதால்தான் அவர்கள் தப்பித்தார்கள். ஆடு மேய்க்கப் போகிறவனுக்கு அந்த இடத்தில் ஒரு பயம் இருந்தது, ஒரு மரியாதையும் இருந்தது.

மலையைக் காக்கும் பொறுப்பை ஊருக்கே எழுதிக்கொடுத்த ஆவணமும் பாறையிலேயே இருக்கிறது. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் அச்சணந்தி என்ற சமண ஆசிரியர் பாண்டிய நாட்டுக் குன்று குன்றாகச் சென்று தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்தார். பழைய படுக்கைகள் இருந்த இடங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். சிற்பத்தின் கீழே வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி வெட்டுவது வழக்கம். பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பம் அவருடைய தாய் குணமதியார் செய்வித்தது. துறவியான மகனைப் பெற்ற ஒரு பெண்ணின் பெயர் வெயிலிலும் மழையிலும் 1,000 ஆண்டுக்கு மேல் அழியாமல் நிற்கிறது.

அரிட்டாபட்டி கழிஞ்சமலைச் சிற்பத்தின் கீழுள்ள வட்டெழுத்து, ஒரு சின்னப் பத்திரம் என்றே சொல்லலாம். மலைக்கு அன்று பெயர் திருப்பிணையன்மலை. சிற்பம் செய்வித்தவர் அச்சணந்தி. யார் பேரால் செய்வித்தார் என்றால் பொற்கோட்டுக் கரணத்தார், அதாவது கணக்கு எழுதுகிறவர்கள். கடைசியில் பாதிரிக்குடியார் ரட்சை என்று முடிகிறது. பாதிரிக்குடி என்ற ஊரின் மக்கள் இந்தத் திருமேனிக்குக் காவல். யானைமலையிலும் இதே முறைதான். வரிசையாக இருக்கும் சமணச் சிற்பங்களுக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் பொறுப்பாளர் உண்டு. அதில் ஒரு பொறுப்பாளர் நரசிங்கமங்கலத்துச் சபையார்.

நரசிங்கமங்கலம் எதனால் வந்த பெயர் என்பதற்கு அந்த மலையே சாட்சி. கி.பி. 770-ல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி அங்கே நரசிம்மருக்குக் குடைவரை எடுத்தார். வேலை முடியுமுன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் மண்டபம் கட்டி முடித்தார். கலியாண்டு 3871 என்று கல்வெட்டில் தேதி இருக்கிறது. ஆக, நரசிம்மர் கோயில் ஊரின் சபை பக்கத்துப் பாறையிலுள்ள சமணத் திருமேனிக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. சைவ, வைணவ, சமணப் பூசல் உச்சத்தில் இருந்ததாகப் புத்தகங்கள் விவரிக்கும் காலத்துக்கு அடுத்த நூற்றாண்டுகள் அவை. மேலே நடந்த வாதப்போர் எதுவாக இருந்தாலும், கீழே ஊர் மட்டத்தில் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. அந்த ஊர் இப்போதும் இருக்கிறது, பெயர் நரசிங்கம்.

காவல் என்றால் மதுரை மேற்கில் இன்னொரு வரலாறு நினைவுக்கு வரும். கீழக்குயில்குடி பிறமலைக் கள்ளர்களின் ஊர். ஊர்க் காவல் அவர்களுடைய பரம்பரை உரிமை. வீட்டுக்கு இவ்வளவு, களத்துக்கு இவ்வளவு என்று காவற்கூலி வாங்குவார்கள். மாடு களவு போனால் துப்புக்கூலி பெற்று மீட்டுத் தருவார்கள், முடியாவிட்டால் ஈடு கட்டுவார்கள். வெள்ளைக்கார அரசு வந்தபின் போலீஸ் வந்தது. ஒரே ஊருக்கு இரண்டு காவல் இருக்க முடியாது. காவற்கூலி மிரட்டல் பணமாகப் பார்க்கப்பட்டது. 1890-களில் கள்ளர் காவலை எதிர்த்து ஊர் ஊராக நிதி திரட்டிப் பண்டு என்ற பெயரில் ஒரு கிளர்ச்சியே நடந்தது.

அடுத்து வந்தது சட்டம். 1911-ல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரை வட்டாரத்தில் 1914-ல் முதலில் பாய்ந்தது கீழக்குயில்குடி மீது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் விரல் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். சில ஆண்டுகளில் சட்டம் சமூகம் முழுவதற்கும் விரிந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது.

சமணர்மலையின் அடிவாரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சிற்பத்தை அல்ல. பெரிய ஆலமரம், தாமரைக்குளம், அதையொட்டி அய்யனார் கோயில். ஊரின் காவல்தெய்வம் மலைக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தொல்லியல் துறையின் நீலப் பலகை அதற்குப் பின்னால்தான். படியேறிப் பேச்சிப்பள்ளம் போகிறவர்கள் அய்யனாரைத் தாண்டித்தான் போக வேண்டும். செருப்பைக் கீழே விட்டு ஏறுகிறவர்களும் உண்டு. குற்றவாளி என்று அரசு பட்டம் கட்டிய ஊரின் சாமிதான், அரசு பாதுகாக்க வேண்டிய சின்னத்துக்கு நெடுங்காலம் துணை நின்றது. சமணர்மலையைப் பற்றி எழுதப்பட்ட கையேடுகளில் வட்டெழுத்து வரிகள் இருக்கும், உருவ அமைதி இருக்கும். அடிவாரத்து வீடுகளில் ரேகைக் காலத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொன்ன கதைகள் அவற்றில் இருக்காது. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே மலையின் கதை.

20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. மேலூர் வட்டாரத்துக் கருங்கல்லுக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை. மெருகேற்றிய கிரானைட் பலகை கப்பலேறத் தொடங்கியதும் குன்றுகள் கனமீட்டர் கணக்கில் எண்ணப்பட்டன. வைரக்கம்பியால் அறுத்து எடுக்கும் இயந்திரத்துக்குச் சிற்பம் எது, கல் எது என்று தெரியாது. கண்மாய்களும் வாய்க்கால்களும் கல் கழிவால் மூடின. 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயத்தின் அறிக்கை, அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்குக் காட்டியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. கீழவளவு பஞ்சபாண்டவர் மலையைச் சுற்றி நின்ற குன்றுகள் அதற்குள் பெருமளவு வெட்டி எடுக்கப்பட்டிருந்தன.

யானைமலைக்கும் ஒரு திட்டம் வந்தது. மலையைச் சிற்ப நகரமாக மாற்றலாம் என்று அரசுத் தரப்பில் பேச்சு எழுந்தபோது, நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் 2010 தொடக்கத்தில் தெருவுக்கு வந்தார்கள். மலையைக் குடைந்து சிற்பம் செய்வது நல்ல காரியம்தானே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். ஊருக்கு அந்த மலை ஏற்கனவே முடிந்த சிற்பம். நரசிம்மரும் அதில்தான் இருக்கிறார், மழைத்தண்ணீர் வந்து விழும் ஊருணியும் அதனடியில்தான். எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. பாறையில் காவல் பொறுப்பேற்ற சபையைப் பற்றி அன்று திரண்டவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அதைப் படித்துத்தான் மலையை விரும்ப வேண்டும் என்ற அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் படிக்கிற ஆசையும் அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்தது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010-ல் தொடங்கிய பசுமை நடை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மக்களை ஒரு குன்றுக்கு அழைத்துப் போகும். தொல்லியல் அறிஞர்கள் சொ. சாந்தலிங்கமும் வெ. வேதாசலமும் பாறை நிழலில் நின்று விளக்குவார்கள். மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளைப் பற்றி எண்பெருங்குன்றம் என்ற நூலை எழுதியவர் வேதாசலம். வந்தவர்களில் வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், கடைக்காரர், பாட்டியின் கையைப் பிடித்து வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. பேச்சு முடிந்ததும் அடிவாரத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். 2013-ல் 25-ஆவது நடையைக் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் விருட்சத் திருவிழா என்று கொண்டாடினார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்தும் மீனாட்சியம்மன் கோயிலைத் தாண்டாத பலருக்கு, தங்கள் ஊர்ப் பேருந்தே போகிற இடத்தில் சங்க காலம் இருக்கிறது என்று தெரியவந்தது அந்த நடைகளில்தான்.

ஊர் மக்களை மட்டும் புகழ்ந்துகொண்டிருந்தால் கணக்கு சரிவராது. குவாரியில் கூலி வேலை பார்த்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். வானம் பார்த்த பூமியில் கல் உடைப்பது பல வீடுகளுக்கு அடுப்பெரிய வைத்த தொழில். படுக்கைகளின் மேலே அம்புக்குறி போட்ட இதயமும் இரண்டு பெயரும் கீறியவர்கள், எழுத்தின் மேலேயே பெயின்ட் அடித்தவர்கள், குகைக்குள் பாட்டில் உடைத்தவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து வரவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்டலாம் என்கிறது 2010-ன் சட்டத் திருத்தம். ஆனால் குன்றின் உச்சிக்கு இரவில் ஏறுகிறவனை நிறுத்தச் சட்டப் புத்தகத்துக்குக் கால் கிடையாது. அங்கே ஆள் வேண்டும். ஆடு மேய்க்கிறவரும் கோயில் பூசாரியும்தான் பெரும்பாலும் அந்த ஆள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஊர் அரிட்டாபட்டி. கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயித்துப்பிள்ளான்மலை என்று ஏழு குன்றுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. குன்றிலிருந்து இறங்கும் நீர் சுனைகளிலும் கண்மாய்களிலும் தங்கி வயலுக்குப் போகிறது. குவாரி அங்கேயும் எட்டிப்பார்த்தபோது ஊர்க்காரர்கள் ஏழு மலைக்குமாக ஒரு பாதுகாப்புச் சங்கம் கூட்டி, மனு, வழக்கு, போராட்டம் என்று போய் அதை நிறுத்தினார்கள். கல்வெட்டுக்கும் சிற்பத்துக்கும் ஆய்வாளர்கள் வந்தார்கள், பறவைக்கு வேறு ஆய்வாளர்கள் வந்தார்கள். லகர் வல்லூறு உட்பட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாயின. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது.

இரண்டு ஆண்டுகூட முழுதாகவில்லை. 2024 நவம்பரில், அதே வட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க மத்திய அரசு ஏலம் முடித்துத் தனியார் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, மாங்குளம் மீனாட்சிபுரம் என்று ஊர் ஊராக எல்லைக்குள் வந்தன. உப்பு வணிகரின் குகையும் நெடுஞ்செழியன் கல்வெட்டும் இருக்கும் மலைகளின் அடிவாரம் இது.

நவம்பர் 23-ஆம் தேதி கிராமசபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. மேலூரில் கடைகள் அடைத்தன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டியிலும் போனார்கள். கட்சிக்காரர்கள் இருந்தார்கள், விவசாயச் சங்கங்கள் இருந்தன. அம்பலக்காரர் முறையும் நாட்டுக்கூட்டமும் இன்னும் உயிரோடிருக்கும் மேலூர்ப் பகுதியின் பழைய ஊர்க்கட்டும் சேர்ந்துகொண்டது. கண்மாய் போய்விடும், கோயில் போய்விடும் என்று பேசியவர்களே கழிஞ்சமலைக் கல்வெட்டையும் சமணப் படுக்கையையும் ஒலிபெருக்கியில் எடுத்துப் பேசினார்கள். தொல்லியல் கருத்தரங்குகளில் மட்டும் புழங்கிய பெயர்கள் டிராக்டர் மேல் கட்டிய பதாகைக்கு வந்தன. ஜனவரி 23-ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

ரத்தானதோடு பேச்சு முடியவில்லை. மேலூர் வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட தமிழ்ப் பண்பாட்டு மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை போராட்டக் களத்திலேயே எழுந்தது. காவிரிப் படுகைக்கு வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்ததை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. இன்னொரு பக்கம், அறிவிப்பு என்றாலே வேலி என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். வனத்துறைக் காட்டில் சுள்ளி பொறுக்கப் போய் அபராதம் கட்டிய அனுபவம் மலையடிவார ஊர்களுக்குப் புதிதல்ல. பாரம்பரியத் தலம் என்று பலகை நட்டபின் ஆட்டை எங்கே ஓட்டுவது, மலைமேல் சாமிக்குப் பொங்கல் வைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பவை நியாயமான கேள்விகள்.

சட்டம் இதற்கு இடம் விட்டிருக்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்த பிறகே மாநில அரசு இத்தகைய தலத்தை அறிவிக்கலாம் என்கிறது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல், அங்கே வாழும் மக்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு அவர்களாக விரும்பி ஏற்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு கூடாது என்று கூறுகிறது. 2025-ல் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி, அழகர்மலைக் காட்டை ஒட்டிய ஒரு கோயில்காடு. ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். அறிவிப்பு வருவதற்கு முன்பே அது காடாக நின்றதற்குச் சாமியும் ஊர்க் கட்டுப்பாடும்தான் காரணம். அரிட்டாபட்டியிலும் எந்தச் சரிவில் ஆடு மேயலாம், எந்தப் பாறையில் ஏறக்கூடாது, திருவிழாவுக்கு எவ்வளவு பேர் மேலே போகலாம் என்பதையெல்லாம் எழுத வேண்டியது பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழு. அந்தக் குழுவில் உட்காரப்போகிறவர்கள் ஊர்க்காரர்கள்.